மாத்திரை போட்டுக்கொண்டு பெண் பார்த்தது

தை பிறந்தால் எங்கள் பக்கத்தில் இரண்டு காரியம் நடக்கும். வயலில் பிசானப் பருவத்து நெல் பூக்கும். வீடுகளில் பெண் பார்க்கக் கிளம்புவார்கள். இரண்டும் ஒரே மாதத்தில் வர நான் என்ன பாவம் செய்தேனோ! நெல் பூத்தால் எனக்கு மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், தும்மல் சரம் சரமாக வரும். என் அம்மாவோ கிளம்பும் நேரத்தில் ஒற்றைத் தும்மல் கேட்டால் ஓரடி எடுத்து வைக்க மாட்டாள். நான் தும்மத் தொடங்கினால் விரல்விட்டு எண்ணுவாள். ஒற்றைப்படையில் நின்றால் காரைவிட்டு இறங்கி, வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவாள். அவள் ஏறியதும் நான் தும்முவேன். இப்படியே ராகுகாலம் வந்து, ஒரு வருஷம் ஒரு பெண்ணைப் பார்க்காமலே விட்டோம்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை விடக்கூடாது என்று பாளையங்கோட்டை டாக்டரிடம் போனேன். சின்னதாக ஒரு மஞ்சள் மாத்திரை கொடுத்தார். "தும்மல் நின்னுரும். ஆனா தூக்கம் வரும், மறதியும் வரும். இதப் போட்டுட்டு வண்டி எடுக்கப்படாது" என்றார்.

கார் மாமாவுடையது. அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். வீட்டில் ஓட்டத் தெரிந்த மற்ற ஒரே ஆள் நான். வாடகைக் காரில் போய் இறங்கினால் பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அம்மா கேட்டாள். மாத்திரையை விழுங்கினேன். தும்மல் இல்லை. அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

பேட்டை தாண்டும்வரை நன்றாகத்தான் ஓட்டினேன். அப்புறம் உலகமே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. எதிரே வந்த மாட்டுக்கெல்லாம் சிரித்தேன். மழை இல்லாமலே வைப்பரைப் போட்டேன். பின்சீட்டிலிருந்து அம்மா கத்தினாள்: "ஏலே, சைக்கிள்ள போறவன் நம்மள முந்துதாம்ல!" சேரன்மகாதேவி வந்ததா, வீரவநல்லூர் எந்தப் பக்கம் போனது, எனக்குத் தெரியாது. திடீரென்று மாமா, "காத்து குளுகுளுன்னு அடிக்கே. லே, ஆத்துப்பாலத்துலயா போறோம்?" என்றார். பெண் வீடு கல்லிடைக்குறிச்சியில். அதைக் கடந்து அம்பாசமுத்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். "பொண்ணு வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம்லா!" என்று மாமா அலறினார். "அப்படியா" என்று மட்டும் சொன்னேனாம்.

எப்படியோ திரும்பிப் போய்ச் சேர்ந்தோம். கேசரியில் முந்திரி நிறைய இருந்தது நினைவிருக்கிறது. பெண்ணோடு முற்றத்தில் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினேன் என்றார்கள்.

மறுநாள் காலையில் அம்மா, "பொண்ணு பிடிச்சிருக்கால?" என்று கேட்டாள். எவ்வளவு யோசித்தும் எனக்கு முகமே வரவில்லை. முந்திரிதான் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தரகர் வந்து நின்றார். "அண்ணாச்சி கேட்டதுக்குப் பொண்ணுக்குச் சம்மதம். பொண்ணோட அப்பாவும் சரின்னுட்டாரு."

"என்னத்தல கேட்ட?" அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நகை, பணம்னு வாயத் தொறக்கப்படாதுன்னு சொல்லித்தானல கூட்டிட்டுப் போனேன்!"

மாமா மெதுவாக, "கார் கேட்டிருப்பானோ?" என்றார்.

 வரதட்சிணை வாங்க மாட்டேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். மாத்திரை மயக்கத்தில் கேட்டிருந்தால், அந்தப் பெண் என்னை எவ்வளவு கேவலமாக நினைத்திருப்பாள்? அவளிடமே கேட்டுவிடுவது என்று, மாத்திரை போடாமல் பஸ் ஏறினேன். சேரன்மகாதேவி வருவதற்குள் என் சீட்டில் நான் மட்டும்தான். வீரவநல்லூரில் முன்சீட்டுக்காரரும் எழுந்து போய்விட்டார்.

கதவைத் திறந்த அவளுடைய அப்பா, கண்ணும் மூக்கும் சிவந்து நின்ற என்னைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன் என்றே நினைத்துவிட்டார். பதறிப்போய் என்னை உட்காரவைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். அவள் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தாள். நல்ல பெரிய கண்கள். நான் இரண்டாவது முறையாக, முதல் தடவை பார்த்தேன்.

"நேத்து நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்? மாத்திரை மயக்கத்துல எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை" என்றேன்.

அவள் சொம்பை என் கையில் கொடுத்தாள். "கார் ஓட்டக் கத்துக்கிடுவியளான்னு கேட்டிய. தை மாசம் வந்தா உங்களால ஓட்ட முடியாது, நான்தான் ஓட்டணும்னு சொன்னிய."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"இதுவரைக்கும் வந்தவங்க சமைப்பியா, பாடுவியான்னுதான் கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் இதக் கேட்டிய. அதுக்குத்தான் சரின்னேன். இப்ப, அதுவும் மாத்திரை கேட்டதுதானா?"

சுரீர் என்றது. எழுந்து நின்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, தெளிவாக, அவளுடைய அப்பா காதிலும் விழும்படி கேட்டேன்: "கார் ஓட்டக் கத்துக்கிடுவியளா?"

"இன்னிக்குக் காலையிலயே அம்பாசமுத்திரத்துல டிரைவிங் ஸ்கூல்ல பணம் கட்டிச் சேந்தாச்சு" என்றாள். "உங்களுக்கு ஞாபகம் இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி, நான் ஓட்டத்தான் போறேன்."

இந்த முகத்தையா மறந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் மறக்கவில்லை.