பிரேக் பட்டை நெய்கிறவர்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் மாலைப் பேருந்தில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். விரல்களில் பித்தளைக் கம்பி கீறிய கோடுகள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், நூலும் கம்பியும் சேர்த்து டிராக்டர்களுக்கு பிரேக் பட்டை நெய்கிறாராம். கணவர் ஏரியில் இறால் பிடிக்கிறாராம். பேருந்து பிரேக் போடும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

வழியிலிருந்த ஒரு பாலத்துக்குச் சற்று முன்னால் எழுந்து ஓட்டுநரிடம் போனார்.

“அண்ணே, பின்சக்கரத்துல லைனிங் தேஞ்சிடுச்சு. இரும்பு ஒரசுது. ஓரங்கட்டுங்க.”

“நீ இன்னா மெக்கானிக்கா?”

“நான் லைனிங் நெய்றவ. பட்டையைத் தேயுற வரைக்கும் ஓட்டிப் பாக்குற ரூம் என் தறிக்குப் பக்கத்துலதான் இருக்கு. தெனம் இந்தச் சத்தத்தைத்தான் கேக்குறேன்.”

ஓட்டுநர் முனகிக்கொண்டே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, சக்கரத்தருகே குனிந்தார். கையை நீட்டியவர் சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டார்.

“எல்லாரும் எறங்கிக்கோங்க” என்றார்.

மீன் விற்றுத் திரும்பிய பெண்கள், வண்டியை நிறுத்த வைத்தவரைத் திட்டிக்கொண்டே நடந்தார்கள். அவரோ அவர்களில் மூத்தவரின் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“திட்டட்டும்க்கா. முழுசா வூட்டுக்குப் போறாங்கல்ல?”

அடுத்த வாரம் பொன்னேரி நிலையத்தில் அதே ஓட்டுநர் அவரைக் கண்டதும், “லைனிங் மாத்தியாச்சு, ஏறு தங்கச்சி” என்றார்.

“ஒரு சுத்து ஓட்டி பிரேக் போடுண்ணே. கேட்டுட்டு ஏறுறேன்.”

ஓட்டுநர் ஒரு சுற்று ஓட்டி பிரேக் போட்டுக் காட்டினார். ஏறி உட்கார்ந்தவர் பழவேற்காடு வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினார். ஊர் வந்த பிறகும் எனக்கு அவரை எழுப்ப மனம் வரவில்லை.