காசிமாயன் இறங்கிய கிணறு

எழுமலைக்கு மேற்கே, சோளம் விளைந்த காட்டில் கல்தூண் நட்டுப் பந்தல் போட்டான் காசிமாயன். கம்பம் ஊரிலிருந்து பன்னீர்த் திராட்சைக் குச்சிகளைக் கொண்டுவந்து நட்டபோது ஊர் சிரித்தது. பழம் ஏற்ற லாரி வந்து நின்றதும் அந்தச் சிரிப்பு அடங்கியது.

எண்பத்தொன்றாம் வருடம் மதுரை பழ வியாபாரி துளசிராம் வந்து சொன்னார்: "தேனிப் பக்கம் ஒயின் பாக்டரி வரப்போகுது, காசிமாயா. எம்புட்டு விளைஞ்சாலும் எடுத்துக்கிருவாங்க."

காசிமாயன் நம்பினான். கீழ்க்காட்டிலும் கொடி வைத்தான். அம்புட்டுக்கும் தண்ணீர் வேண்டுமே என்று கிணற்றை ஆழமாக்க இறங்கினான். பாறையில் வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்கவில்லை. என்னவென்று பார்க்கப் போனவன் உயிரோடு மேலே வரவில்லை.

அதன்பிறகு கிணற்றுக்குள் கடப்பாரைச் சத்தம் கேட்பதாகப் பேச்சு. கொடியைக் கவாத்து வெட்ட ஆட்கள் வர மறுத்தார்கள். அவன் மனைவி சோணையம்மாளுக்கும் கேட்டது. உச்சி வெயிலில், டங், டங் என்று. முதலில் வீட்டுக்கு ஓடிவந்தாள். போகப்போக, மோட்டாரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள்.

"கிணத்த மூடிருவோம் மதினி" என்றான் கொழுந்தன் மொக்கையன். "காட்டை வித்துட்டு வாங்க. மதுரை வில்லாபுரத்துல வீடு பாக்குறேன்."

"உங்க அண்ணன் இன்னும் வேலைய முடிக்கல. நடுவுல எப்படி மூடுறது?"



பாக்டரி வரவில்லை. "வேற மாநிலத்துக்குப் போயிட்டாங்கம்மா" என்று சொன்ன துளசிராம், கிணற்றுப் பக்கம் திரும்பாமலே கிளம்பிப் போனார். மழை பொய்த்தது. அக்கம்பக்கத்தில் போர்வெல் போட்டார்கள். இவள் கிணற்றில் மோட்டார் போட்ட கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் அற்றுப்போனது. பாதிக் கொடியை வெட்டினால்தான் மீதி பிழைக்கும்.

அரிவாளோடு கீழ்க்காட்டுக்கு அவளே போனாள். வெட்டிய தூரிலிருந்து நீர் சொட்டியது. திராட்சைக்கு அது வழக்கம்தான். கவாத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஆனாலும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"ஒயினுக்குன்னு நீங்க வச்சதத்தான் வெட்டுறேன். கோவிச்சுக்கிறாதீங்க."

விரலிடுக்கில் வழிந்துகொண்டே இருந்தது. பொழுது சாய்வதற்குள் கீழ்க்காடு மொட்டையானது. அன்றோடு கிணற்றுச் சத்தமும் நின்றுபோனது.

அடுத்த கவாத்துக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள். மத்தியானம் பந்தல் நிழலில் வரிசையாக உட்கார்ந்தவர்களுக்குச் சோணையம்மாள் கூழ் ஊற்றினாள். வரிசை முடிந்த இடத்தில் இன்னொரு சட்டியை வைத்து, அதிலும் நிறைய ஊற்றினாள். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.