கதவுக்கு இந்தப் பக்கம் கேட்ட பாட்டுகள்

பாட்டுப் போட்டி ஆடிஷன் நடக்கிற இடத்தில் கதவைத் திறந்து மூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

விழுப்புரத்தில் கல்யாண மேடை, கம்பெனி விழா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எது வந்தாலும் எடுத்துச் செய்கிற ஒரு சின்ன ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். டிவி பாட்டுப் போட்டியின் புது சீசனுக்கு விழுப்புரத்தில் ஒரு நாள், திண்டிவனத்தில் ஒரு நாள் ஆடிஷன் வைத்தார்கள். கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. வருகிறவர்களின் சட்டையில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பத்துப் பத்துப் பேராக நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். உள்ளே மணி அடித்தால் அடுத்தவரை அனுப்ப வேண்டும். எனக்குத் துணை சவுண்ட் செட் போடுகிற ஷாகுல் பாய், கோட்டக்குப்பத்துக்காரர்.

நீங்களும் ஆஸ்பத்திரியிலோ, தாலுகா ஆபீசிலோ, எப்போது நம் பேரைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அப்படிப் பார்க்கிற கண்களுக்கு எதிரே நாள் முழுக்க நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தெரிந்த முகம்

விழுப்புரத்தில் முதல் ரயிலுக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஹால் முழுக்கப் பனங்கற்கண்டு, மிளகு, சுக்கு காபி வாசனை. ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பாடிப் பார்த்தார்கள். மேல்சித்தாமூரிலிருந்து ஒரு அம்மா, காலேஜில் படிக்கிற மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "பொழுது சாயறதுக்குள்ள எங்க நம்பர் வந்துடுமாம்மா?" என்று அடிக்கடி வந்து கேட்டார். கடைசி பஸ்ஸுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். "அதுக்கில்லம்மா, நாங்க ஜைனருங்க. இருட்டினா சாப்புட மாட்டோம். பாட்டுக்கு முன்னால சாப்புட்டா தொண்டை கட்டிக்கும்னு இவன் காலையிலேர்ந்து பட்டினி" என்றார்.

மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்று சொன்னதும் பையிலிருந்து வறுத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, இரண்டு கையாலும் அள்ளி என் மேஜையில் வைத்தார். நான் பதறிப்போய், "அம்மா, நான் நடுவர் இல்லீங்க. கதவைத் திறந்து விடறதோட சரி. எனக்குக் குடுத்து ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் ஒன்றைக்கூடத் திருப்பி எடுக்கவில்லை.

"உள்ள இருக்கறவங்க மூஞ்ச நாங்க எங்கம்மா பார்த்தோம்? எங்களுக்குத் தெரிஞ்சது உன் மூஞ்சிதான்."

வயது

வயது வரம்பைத் தாண்டியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் என் வேலைதான். அதில்தான் நிறையத் திட்டு வாங்குவேன். ஆதாரில் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்பார்கள், குரலுக்கு ஏது வயசு என்பார்கள். அன்றைக்கு வந்த டவுன் பஸ் கண்டக்டர் மட்டும் சண்டை போடவில்லை. லீவு போட்டுவிட்டு, புதுச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். "முடியாது சார், வயசு தாண்டிடுச்சு" என்றதும் "சரிங்க" என்று கார்டை வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஸ்டிக்கர் இல்லாமலே வரிசையில் நிற்கிறார். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வரிசை நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் வம்பு பண்ணப் போகிறார் என்று நான் தயாரானேன். அவரோ ஒதுங்கி நின்று, பின்னால் இருந்த பெண்ணை உள்ளே போகச் சொல்லிவிட்டு, மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. போய், "ஏன் சார் இப்படிக் கால் கடுக்க நிக்கறீங்க?" என்றேன். சிரித்தார்.

"பஸ்ல எல்லாரும் சில்லறை எங்கன்னுதான் கேப்பாங்க மேடம். இங்கதான் 'அண்ணே, நீங்க இன்னா பாட்டு பாடப் போறீங்க?'ன்னு கேக்கறாங்க."

ரெண்டு வரி

வளவனூர்ப் பக்கத்திலிருந்து ஏழுமலை என்பவர், மனைவி காஞ்சனாவோடு வந்தார். அவர் கை இரண்டிலும் கரும்புத் தோகை கீறின கோடுகள். அந்தம்மா கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் பட்டா ஜெராக்ஸ். பட்டா விஷயமாகக் கலெக்டர் ஆபீசுக்குப் போகணும் என்று சொல்லித்தான் ஏழுமலை அவரைக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார். ஹால் வாசலில் வந்து நின்ற பிறகுதான் விஷயமே அந்தம்மாவுக்குத் தெரியும். "இன்னா மாமா இது? மானம் போவுது. வா, வூட்டுக்குப் போலாம்" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஏழுமலை என்னைப் பார்த்து, "நல்லா பாடும் மேடம். மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது பாடும். நான் வரப்புல நின்னு கேப்பேன்" என்றார். அதற்குள் நான் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். ஒட்டின பிறகு அந்தம்மா பேசாமல் உட்கார்ந்துவிட்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

பிறகு மணி அடித்தது, உள்ளே அனுப்பினேன். கதவு வழியாகக் கேட்ட குரலில் எனக்குச் சிலிர்த்துப் போனது. ஒரு பழைய படத்துப் பாட்டு. இரண்டு வரி தாண்டியதும், "ஓகேம்மா, தேங்க்யூ" என்று உள்ளேயிருந்து சத்தம். கதவைத் திறந்தேன். ஏழுமலை எழுந்து ஓடி வந்து, "இன்னா சொன்னாங்க?" என்றார். காஞ்சனா என் பக்கம் திரும்பினார். என்னிடம்தான் சொன்னார்.

"வூட்லயும் ரெண்டு வரி பாடறதுக்குள்ள யாராவது கூப்புட்டுடுவாங்க மேடம். இங்கயும் ரெண்டு வரியில அனுப்பிட்டாங்க."

மூன்றாவது சரணம்

நடுவர்கள் சாப்பிடப் போனார்கள். நடுவர்கள் என்றால் டிவியில் வருகிற பெரிய பாடகர்கள் இல்லை. சென்னையிலிருந்து அனுப்பிய மூன்று பேர். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். காலையிலிருந்து ஒரே பாட்டை எத்தனை பேரிடம்தான் கேட்பார்கள், பாவம். ஹாலில் இருந்தவர்கள் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். காஞ்சனாவும் ஏழுமலையும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஷாகுல் பாய் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "தங்கச்சி, அந்தம்மாவ நிறுத்து. நம்பர் கூப்புடற மைக்கு சும்மாதான கெடக்குது" என்றார்.

மைக்கைக் கையில் கொடுத்ததும் காஞ்சனா அதைச் சுடுகிற பாத்திரம் மாதிரிப் பிடித்தார். யாரையும் பார்க்காமல், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஆரம்பித்தார். முதல் வரியிலேயே சோற்றில் வைத்த கைகள் அப்படியே நின்றன. யாருக்கோ போன் அடித்தது. அவர் பாய்ந்து அதை அமுக்கினார். சின்னக் குழந்தை ஒன்று ஓடியது. அதன் அம்மா இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். யாரும் காஞ்சனாவைக் கூப்பிடவில்லை. இரண்டாவது சரணம் முடிந்ததும், பாட்டு தீர்ந்தது என்று ஏழுமலை மஞ்சள் பையைத் தூக்கினார். காஞ்சனா நிறுத்தவில்லை. மூச்சை இழுத்து இன்னொரு சரணத்துக்குப் போனார், அதிலும் ஒரு இடத்தில் குரலை மேலே கொண்டுபோய், அங்கேயே நிறுத்தி, தன் இஷ்டத்துக்கு இறக்கினார்.

பாடி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டாதவர் ஏழுமலை மட்டும்தான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீர் கேன் பக்கத்திலேயே நின்றார். நான் டம்ளரை எடுத்து நீட்டியபோது சொன்னார்.

"இந்தப் பாட்டுக்கு மூணாவது ஒண்ணு இருக்குதா மேடம்? கண்ணாலம் ஆன நாளா ரெண்டோட முடிஞ்சிடும்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

போனைப் பிடித்துக்கொண்டு

மறுநாள் திண்டிவனம். பைபாஸ் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். லாரி ஹாரன் கேட்காமல் ஒருத்தராலும் பாட முடியவில்லை. வரிசையில் ரஹ்மத் என்று ஒரு பெண், கையில் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே வந்தாள். "பேரு சொல்லும்மா" என்றேன். அவள் போனை என் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு இளைஞன், பின்னால் அடுக்குக் கட்டில். "மேடம், அவருதான் பாடுவாரு. நான் போனைப் புடிச்சிக்கினு நிக்கறேன்" என்றாள். அவள் புருஷன், துபாயில் டிரைவர் வேலை. நேரில் வந்தால்தான் சேர்ப்போம் என்று நான் சொல்லத் தயங்க, ஷாகுல் பாய் போனை வாங்கி, "தம்பி, நானும் அங்க இருந்தவன்தான்பா. ரூல்ஸ் இது. மனசுல வெச்சுக்காத" என்று பேசினார். அவன் கெஞ்சவில்லை. "சரி பாய். வந்தது வந்துட்டேன், வரிசையில நிக்கறவங்களுக்காவது பாடிட்டுப் போறேனே" என்றான்.

பாடினான். முன்னும் பின்னும் இருந்தவர்கள் போனைச் சுற்றி நின்றார்கள். பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் நெட்வொர்க் போனது. வாய் திறந்தபடி, கண் பாதி மூடினபடி, படம் அப்படியே நின்றுவிட்டது. எல்லாரும் திரும்ப வரும் வரும் என்று பார்த்தார்கள். ரஹ்மத் அந்த அசையாத முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட் பண்ணிவிட்டுத் திரும்பப் போடு என்று யாரோ சொன்னார்கள், அவள் போடவில்லை.

"இங்க இருந்தப்ப ஒரு நாளும் பாடுனதில்ல மேடம். அங்க போயிதான் அவருக்குப் பாட்டு வந்துச்சு."

செலக்ட்

தேர்வானவர்களுக்கு உள்ளே ஒரு மஞ்சள் அட்டை கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், கட்டிப்பிடிக்க ஆளைத் தேடுவது. இலக்கியாவுக்கு அப்படி யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிற பெண். உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டுத் தனியாக வந்திருந்தாள். கண்ணில் பட்ட முதல் ஆள் நான்தான். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்கம்மாவுக்குப் போன் போட்டுக் குடுங்க. எனக்கு நம்பரே கண்ணுல தெரியல" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். அம்மா மல்லாட்டை பிடுங்குகிற நிலத்தில் இருந்தார். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம். "அம்மா, நான் செலக்ட் ஆயிட்டேன்." "எதுலடி?" "பாட்டுல. டிவியில வரப் போறேன்."  "அப்ப நீ இன்னிக்கு வேலைக்குப் போவலியா?" என்று ஒரு கேள்வி. போன் கட் ஆகிவிட்டது. இலக்கியா அட்டையை மடக்கவும் மனசில்லாமல், நீட்டிப் பிடிக்கவும் மனசில்லாமல் நின்றாள்.

நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அம்மாவே திரும்பக் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது, ஓடியிருப்பார் போல.

"இங்க ஒருத்தியும் நம்ப மாட்டேங்கறாளுங்க. ஸ்பீக்கர்ல போட்டுக்கினேன். ஒரு வரி பாடிக் காட்டுடி, ஜல்தி!"

அந்த லைட்டு

சீசன் ஆரம்பித்தது. திண்டிவனத்தில் இலக்கியா படம் போட்டு பேனர் வைத்தார்கள். சென்னையில் அவளுக்குப் பட்டுப் பாவாடை, முடிக்குச் சுருள், கன்னத்துக்கு மினுமினுப்பு. நானும் வீட்டில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து, என் சொந்தக்காரப் பெண் மாதிரி எல்லாரையும் அதட்டிப் பேசாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் பாடினாள். சில வாரங்களில் ஓட்டு குறைந்து வெளியே வந்துவிட்டாள். விடை கொடுக்கும்போது அழுவாள் என்று கேமராக்காரர் கிட்டே போனார், அவள் அழவில்லை. கை கூப்பிவிட்டு இறங்கிப் போனாள்.

போன மாதம் ஒரு கல்யாண வேலைக்காகப் போயிருந்தபோது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டிருந்தாள். சூப்பர்வைசர் நல்லவர், திரும்பச் சேர்த்துக்கொண்டாராம். இரண்டு பேர் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு, "ஒரு பாட்டு பாடுங்க" என்றார்கள். பஸ் சத்தத்துக்கு நடுவில் இரண்டு வரி பாடியும் காட்டினாள். அவர்கள் போனதும், "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டேன். "நல்லா இருக்கேங்க்கா" என்றாள். வேன் வந்தது. படியில் கால் வைத்தவள் நின்று, திரும்பிப் பார்த்தாள்.

"அங்க மேடையில நிக்கும்போது எங்கம்மா ஞாபகமாவே இருந்துச்சு. இங்க வந்து மெஷின்ல உக்காந்தா அந்த லைட்டு ஞாபகமாவே இருக்குது. நான் எப்பக்கா இருக்கற எடத்துல இருக்கப் போறேன்?"

பாடத் தெரிந்தவர்களை டிவிக்காரர்கள் சென்னைக்குக் கூட்டிப் போய்க் கொஞ்ச நாளில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பாட ஆசைப்படுகிறவர்களை எங்கே அனுப்புவது என்று மட்டும் இந்த வேலையில் இன்னும் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.