வாலுக்கு எந்த சர்வோ

1. சிங்கப்பூர்ப் பெட்டி

அறுபதுகளின் கடைசியில் எனக்குச் சிவகாசியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. கடை என்று சொல்வது என் மரியாதைக்காக. ஒரு பெஞ்சு, ஒரு சால்டரிங் அயர்ன், திருப்பி வாங்க ஆள் வராத ஏழெட்டு வால்வு ரேடியோக்கள், அவ்வளவுதான். ஒரு நாள் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் எனக்குக் கார் அனுப்பினார். வீட்டு ரேடியோ கரகரக்கிறது போல என்று நினைத்து டூல் பையோடு போனேன். அவர் ஒரு பெட்டியை மேஜை மேல் கவிழ்த்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு, சோப்புக்கட்டி அளவில் இரண்டு, அதையும்விடப் பெரிதாகக் கறுப்பாக இரண்டு. எல்லாவற்றிலும் ஒயர் தொங்கியது.

"இதுல எது நல்ல சர்வோ, ரேடியோக்காரரே?" என்றார்.

நான் அதுவரை சர்வோவைக் கண்ணால் பார்த்ததில்லை. "எதுக்குங்க மொதலாளி?" என்று கேட்டேன். தெரியாததை மறைக்க அதைவிட நல்ல கேள்வி கிடையாது.

விஷயம் இதுதான். சீசன் ஆர்டர் கொடுக்க வடநாட்டு வியாபாரிகள் வரப்போகிறார்கள். அவர்கள் முன்னால் ஒன்பதடி இறக்கை உள்ள ஒரு விமானம், ஆள் இல்லாமல், கம்பெனியின் கலர் புகையை விட்டுக்கொண்டே பறக்க வேண்டும். விமானத்தைச் செய்துகொண்டிருந்தவர் அருள்ராஜ். ஏர்ஃபோர்ஸில் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டெண்டாக வேலை பார்த்தார். பறக்க விடப்போகிறவரும் அவர்தான். என்ஜினும் ரேடியோ செட்டும் முதலாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியவை. எந்த சர்வோ வேண்டும் என்று மச்சானுக்குத் தெரியவில்லை. கடையில் இருந்த மூன்று ரகத்திலும் இரண்டிரண்டை அள்ளிப் போட்டுவிட்டார்.

"ரேடியோவும் சர்வோவும் ஒங்க பொறுப்பு. நல்லபடியாப் பறந்துச்சுன்னா கம்பெனியில எலக்ட்ரிக் வேல பூரா ஒங்களுக்குத்தான், பெர்மனண்ட்டு. சனம் மேல விளுந்துச்சுன்னா..." என்று இழுத்துவிட்டுக் காபி வரவழைத்தார்.

என் மனைவி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்போது அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றில். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும். மானத்தை விட்டுச் சொல்கிறேன், மிகவும் வேண்டியிருந்தது.

2. கார் ஜன்னலில் வால்

சர்வோ என்பது விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி மோட்டார். கீழே நிற்கிறவர் டிரான்ஸ்மிட்டரில் குச்சியை அசைத்தால், மேலே இது தன் கையை அதே அளவு அசைக்கும். அந்தக் கையிலிருந்து ஒரு கம்பி போய் வாலில் உள்ள மடலைத் தூக்கும், இறக்கும். அந்த மடலுக்கு எலிவேட்டர் என்று பெயர். விமானம் மூக்கைத் தூக்குவதும் தாழ்த்துவதும் அதனால்தான். எனக்கு இதையெல்லாம் அருள்ராஜ் ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் முதலாளியிடம் பிறந்ததிலிருந்து தெரிந்தவன் மாதிரி பேசினேன்.

முதலாளிக்குச் சின்ன சர்வோ பிடித்துப்போயிருந்தது. "சிறுசா, அளகா இருக்கு. வெயிட்டும் இல்ல. அந்தக் கறுப்பு பாக்க மாவாட்டுற மோட்டாரு மாதிரி இருக்கு" என்றார்.

பெண் பார்ப்பதற்குச் சரி, சர்வோ பார்ப்பதற்கு இது ஆகாது. பறக்கிற விமானத்தில் காற்று அந்த மடலை எவ்வளவு பலமாக அமுக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அருள்ராஜ் ஒரு வழி சொன்னார். விருதுநகரில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் ஸ்பிரிங் தராசு இரவல் வாங்கினோம். முதலாளியின் காரில் ஏறி, விமானத்தின் வால் துண்டை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, சாத்தூர் ரோட்டில் விரட்டச் சொன்னோம். மடலைத் தராசின் கொக்கியால் இழுத்துப் பிடித்தபடி நான் முள்ளைப் பார்த்தேன். ஒரு டீக்கடை வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். திரும்பி வரும்போது அவர்களில் ஒருவர் காரை நிறுத்தி, "உள்ள எம்புட்டு பெரிய கொக்கு இருக்கு?" என்று கேட்டார்.

கடைக்கு வந்து, தராசு காட்டிய அளவுக்கு எடைக்கல்லை ஒவ்வொரு சர்வோவின் கையிலும் கட்டித் தொங்கவிட்டேன். சின்னது முனகிவிட்டு அப்படியே நின்றது. நடுத்தரம் தூக்கியது, ஆனால் கொஞ்ச நேரத்தில் தொட முடியாதபடி சுட்டது. கறுப்பு மெதுவாகத் தூக்கியது, தூக்கிய இடத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டது, சொன்னதும் இறக்கி முதலில் நின்ற இடத்திலேயே வந்து நின்றது.

கறுப்பை எலிவேட்டருக்குப் போட்டேன். பக்கவாட்டில் திருப்புகிற ரடருக்கு நடுத்தரம். சின்னதை என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் போட்டேன், அங்கே காற்று அமுக்காது. முதலாளி ஆசைப்பட்டதையும் போட்ட மாதிரி ஆயிற்று. கறுப்பு சர்வோவிலிருந்து எலிவேட்டர் வரைக்கும் பழைய குடைக்கம்பிகளைச் சேர்த்துப் பற்றவைத்து ஒரு கம்பி செய்தோம். அதை வளைக்க எனக்கு இரண்டு கையும் முழங்காலும் தேவைப்பட்டது.

3. பித்தளை

வியாபாரிகளுக்காக முதலாளி வைத்த விழாவுக்கு முந்தின நாள் விமானம் கம்பெனி ஷெட்டுக்குப் போனது. வாலுக்குக் கீழே மருந்து அடைத்த புகை டின்னைக் கட்டுவது ஃபோர்மேன் கருப்பையா அண்ணாச்சியின் வேலை. அங்கே எங்களுக்கு அனுமதி இல்லை.

மறுநாள் காலையில் திருத்தங்கலுக்கு அந்தப் பக்கம் ஒரு வறண்ட கண்மாய்க்குள் விமானத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கரை முழுக்கத் தொழிலாளிகளின் குடும்பங்கள். பந்தலுக்குள் வியாபாரிகள். நான் வழக்கம்போல எலிவேட்டரை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அருள்ராஜைக் குச்சியைத் தள்ளச் சொன்னேன். உள்ளே சர்வோ முழுசாகத் திரும்பும் சத்தம் கேட்டது. விரலுக்கு அடியில் மடல் அசையவே இல்லை.

மூடியைத் திறந்தேன். என் குடைக்கம்பியைக் காணோம். அதே நீளத்தில், அதே கொக்கிகளோடு, புளி போட்டு விளக்கின மாதிரி ஒரு பித்தளைக் கம்பி இருந்தது. இழுக்கும்போது சரியாக வந்தது. தள்ளும்போது வில்லாக வளைந்தது. இந்தக் கம்பியோடு மூக்கைத் தூக்கினால் தூக்கினதுதான், இறக்க முடியாது. எரிகிற டின்னோடு கரை மேல் விழும்.

"அண்ணாச்சி, கம்பிய யாரு மாத்துனது?"

"நாந்தான்" என்றார் கருப்பையா அண்ணாச்சி. "இரும்புலல்ல போட்டிருந்தீக. மருந்து இருக்கிற எடத்துக்குள்ள இரும்பு வரக்கூடாது தம்பி, உரசுனாப் பொறி பறக்கும். கரண்டி, சுத்தியல் எல்லாமே எங்களுக்குப் பித்தளைதான்." பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பித்தளை வளையும்ணே! பழைய கம்பியக் குடுங்க."

"குடுக்க மாட்டேன். என் தங்கச்சி புருசன் செருப்புல ஒரு ஆணி இருந்துச்சு. அம்புட்டுத்தான். ரூமுல சுவருகூட மிஞ்சல."

நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் பயந்தது ஒரே கரையில் நின்ற ஒரே சனத்துக்காகத்தான்.

முதலாளி வந்தார். புகை டின்னைக் கழற்றிவிட்டால் இரும்புக் கம்பியைப் போட்டுக்கொள்ளலாம் என்று அருள்ராஜ் சொல்லிப் பார்த்தார். "பொகை இல்லாம வெறும் பிளேனு விட்டா, பிளேனுக்குத்தான் ஆர்டர் குடுப்பாக" என்றார் முதலாளி. "அரை மணி நேரத்துல மேல போகணும்."

"அப்ப பறக்காதுங்க மொதலாளி" என்றேன். அதைச் சொல்லும்போது என் மனைவியின் முகம் கண் முன்னால் வந்தது. பெர்மனண்ட் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்கால வாணவேடிக்கைக்குக் கொண்டுவந்த பெரிய ராக்கெட் குச்சிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. இன்னும் மருந்துக் குழாய் கட்டாத வெறும் மூங்கில். ஒன்றை எடுத்து முனையைத் தரையில் ஊன்றி அமுக்கினேன். வளையவில்லை.

"அண்ணாச்சி, இது இரும்பு இல்லேல்ல?"

அவர் என் கையிலிருந்ததை வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "இது கோணல்" என்று தூரப் போட்டார். அந்தக் கட்டில் பாதியைத் தூரப் போட்ட பிறகுதான் அவருக்கு ஒரு குச்சி பிடித்தது. இரண்டு முனையிலும் பித்தளைக் கொக்கியை வைத்து, ராக்கெட் கட்டுகிற நூலால் அவரே வரிந்து கட்டிப் பசை தடவினார். நான் மறுபடியும் மடலை அமுக்கினேன். இந்தத் தடவை கறுப்பு சர்வோ என் விரலைத் தள்ளிவிட்டது.

பெரிய பிளேனுக்கு எந்த சர்வோ என்று கேட்டு இன்றைக்கும் பையன்கள் வருகிறார்கள். பெட்டியில் போட்டிருக்கும் பலத்தை வாசித்துக் காட்டுகிறார்கள். பலமானதையே வாங்குங்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் பறக்க விடும் முன் மடலை விரலால் அமுக்கிப் பாருங்கள், நேற்று பார்த்திருந்தாலும் பாருங்கள். நாம் நல்லதென்று நினைத்து ஒன்று செய்திருப்போம், இன்னொருவர் அதைவிட நல்லதென்று நினைத்து ஒன்று செய்து வைத்திருப்பார்.

4. கண்மாய்

கருப்பையா அண்ணாச்சி ஊதுவத்தியால் திரியைப் பற்றவைத்தார். அருள்ராஜ் டிரான்ஸ்மிட்டரில் என்ஜின் குச்சியைத் தள்ளினார். விமானம் கண்மாய்த் தரையில் குதித்துக் குதித்து ஓடி எழும்பியது. சிவப்புப் புகை வந்தது. கரையில் பிள்ளைகள் கத்தின. ஐந்தாறு வட்டம் அடித்திருக்கும். பந்தலுக்கு முன்னால் தாழ வந்து, மூக்கைத் தூக்கி, எல்லோரும் மூச்சைப் பிடித்த நேரத்தில் திரும்ப மூக்கைத் தாழ்த்தியது என்று பிற்பாடு சொன்னார்கள். அப்புறம் இறங்கி, கொஞ்ச தூரம் உருண்டு நின்றது.

முதலாளி வியாபாரிகளை விட்டுவிட்டு ஓடிவந்து என் தோளில் ஓர் அடி போட்டார். "திங்கக்கெளமை வந்துருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினார். விமானத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கருப்பையா அண்ணாச்சி டின்னைக் கழற்றித் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கும்வரை எடுக்கவில்லை. பிறகு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிளேனு நல்லாப் பறந்துச்சா தம்பி?"

"நீங்க பாக்கலையா அண்ணாச்சி?"

"நான் பொகையவுல்ல பாத்துக்கிட்டு இருந்தேன். தீயாகிறாமக் கடைசி வரைக்கும் பொகையாவே வரணுமேன்னு."

யோசித்துப் பார்த்தேன். ஏறியதிலிருந்து இறங்கியதுவரை அந்த வால் மடலைத் தவிர நான் வேறு எதையும் பார்த்திருக்கவில்லை.

"சனம் கைதட்டுச்சுல்ல அண்ணாச்சி" என்றேன். "நல்லாத்தான் பறந்திருக்கும்."