பட்டுப்போக வேண்டிய சுவர்

எங்கள் வேலையிடத்தில் செடி பட்டுப்போனால் எல்லோருக்கும் முகம் தொங்கிவிடும். எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். கட்டடங்களின் வெளிச்சுவரில் துணிப்பைகளை வரிசையாகப் பொருத்தி, அவற்றில் செடி நட்டுப் பராமரிக்கும் சின்னக் கம்பனி எங்களுடையது. இந்தக் குளிர்நாட்டில், புரோசார்ட் என்ற நகரத்தில் ஓர் அடுக்குமாடியின் தெற்குச் சுவரும் வடக்குச் சுவரும் எங்கள் பொறுப்பு. தெற்குப் பக்கம் மூன்றாம் மாடியில் என் அண்ணை குடும்பம் இருந்தது. அம்மாவும் அங்கேதான்.

அண்ணையும் நானும் கதைப்பதில்லை. அண்ணையின் மகள், என் பெறாமகள், பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் ஆலாத்தி எடுக்க என் மனைவியைக் கூப்பிடவில்லை. மண்டபத்திலேயே வாய்த்தர்க்கம் முற்றியது. "இனி என்ரை வாசல்படி மிதிக்காதை" என்றார் அண்ணை. நானும் மிதிக்கவில்லை. ஷெல்லடிக்குள் ஒரே பதுங்குகுழியில் கிடந்த இரண்டு பேர் ஓர் ஆலாத்தித் தட்டுக்காக முறிந்தோம் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு வரவில்லை. வீட்டுத் தொலைபேசியை அண்ணி எடுப்பார். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார்.

குளிர்தான் செடிகளைக் கொல்கிறது என்று ஆட்கள் நினைக்கிறார்கள். குளிரை அவை தாங்கும். நிலத்தில் நிற்கும் செடிக்குக் கீழே பூமி முழுவதும் இருக்கிறது. சுவரில் தொங்குவதற்கு ஒரு பிடி மண்தான். அது எல்லாப் பக்கத்தாலும் உறைந்து கல்லாகிவிடும். மாசியில் சில நாள் நல்ல வெயில் எறித்தால் தெற்குச் சுவரின் இலைகள் விழித்துத் தண்ணீர் கேட்கும். வேர் ஐஸுக்குள் கிடக்கும், எங்கேயிருந்து கொடுப்பது? நின்ற நிலையிலேயே காய்ந்துபோகும். வெயில் படாத வடக்குச் சுவரில் அதே செடிகள் உறங்கிக் கிடந்து பிழைத்துக்கொள்ளும்.

ஆகவே குளிர் முடிந்ததும் ஆளைத் தூக்கும் கூடையில் ஏறி, பட்டதைப் பிடுங்கிப் புதிது நடுவேன். மூன்றாம் மாடி யன்னலுக்கு வந்ததும் கை தன்பாட்டில் மெதுவாகிவிடும். அம்மா கண்ணாடிக்குப் பின்னால் கதிரையில் இருப்பார். மருமகளுக்குப் பயந்து யன்னலைத் திறக்கமாட்டார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று கேட்பார். நான் தலையாட்டுவேன். என் வருஷம் அந்த ஒரு நாளில்தான் இருந்தது.

பிறகு முதலாளிக்குப் புத்தி வந்தது. பைகளைக் கழற்றிவிட்டு ஆழமான பெட்டிகள் போட்டார், அவற்றுக்குப் பின்னால் குளிர் தாங்கும் பலகை. பாறையில் முளைக்கிற, தடித்த இலையுள்ள குட்டைச் செடிகளைக் கொண்டுவந்து தந்தார். எல்லாவற்றையும் நானே நட்டு, என் வாயில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலம் கோயிலில் கற்பூரம் காட்டும்போது, மாசியில் வெயில் எறிக்கவேண்டும் என்று கேட்டுக் கும்பிட்டேன். எறித்தது. ஆனால் அந்தச் சனியன்கள் அசையவில்லை. கறுத்துச் சிவந்து பெட்டியோடு ஒட்டிக் கிடந்தன. பனி கரைந்ததும் சுவர் முழுக்கப் பச்சை பிடித்தது. முதலாளி பூரித்துப்போய்ப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். "இந்த முறை கூடை தேவையில்லை, கீழே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் போதும்" என்று பிரெஞ்சில் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

மேல்வரிசையில் குழாய் அடைத்திருக்கிறது என்று பொய் சொல்லிக் கூடையைக் கேட்டு வாங்கினேன்.

யன்னல் திறந்திருந்தது. அம்மா மெலிந்து, ஸ்வெட்டருக்குள் காணாமல் போயிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அவர் குரலைக் கேட்டு எத்தனை காலம்!

"தமிழோ தம்பி?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "ஓம்" என்றேன்.

"ஊரிலை எவடம்?"

நான் எங்கள் ஊரைச் சொன்னேன்.

"அட, எங்கடை ஊர்ப் பெடியன்!" கையைத் தட்டிச் சிரித்தார். "ஆற்றை மோன்?"

அறைக்குள் அண்ணை வந்து நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. யன்னலைச் சாத்துவார் என்று பார்த்தேன். சாத்தவில்லை. யார் மகன் என்று கேட்ட அம்மா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

அம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அப்பிடி ஒருத்தரையும் நான் அறியேல்லை, தம்பி" என்றார், குறை நினைக்கவேண்டாம் என்பதுபோல.

கூடையின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணை என் முகத்தைப் பார்க்காமல், அம்மாவின் தோளில் சால்வையைச் சரிசெய்தபடி கதைத்தார்.

"இனி வாசலாலை வா. ஆர் வந்தாலும் அவவுக்கு இப்ப ஒண்டுதான்."