ஹனாதி எழுந்து போன புதன்கிழமை

“இன்னும் எவ்வளவு நேரம் நான் குழாய்கிட்டயே உட்கார்ந்திருக்கணும் மகளே? அதை மட்டும் சொல்லு.”

உம் கைஸ் என்ற வயதான அம்மா தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, ஜோர்தானின் தலைநகரான அம்மானின் கிழக்குக் குன்றுகளுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஓர் அலுவலகத்தில் புகார் கேட்கும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எல்லாக் குன்றுகளுக்கும் வாரத்தில் ஒரே நாள், புதன்கிழமைதான் தண்ணீர்; ஒவ்வொன்றாக முறை வைத்துத் திறப்பார்கள். உம் கைஸின் வீடு ஸஃதர் குன்றின் உச்சியில் இருந்தது. அவர்களுடைய முறை, பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்குக்குப் பிறகு. முறை தவறினால் தண்ணீர் லாரியைக் கூப்பிட வேண்டும். இருட்டிவிட்டால் அந்தச் சரிவில் எந்த லாரியும் ஏறாது. படுக்கையில் கிடக்கும் கணவரைக் கழுவித் துடைக்க வேண்டிய அவருக்கு, வருமா வராதா என்பதைவிட எதுவரை நம்பிக் காத்திருக்கலாம் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

“கொஞ்சம் பொறுமையா இருங்க பெரியம்மா” என்றேன்.

“பொறுமையா? அது எங்க வீட்டுத் தொட்டியில நிறைய இருக்கு. தண்ணிதான் இல்ல” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பக்கத்து அறையில் ஹனாதி அக்கா உட்கார்ந்திருந்தார். தண்ணீர் திறந்துவிடும் கணினி நிரலை எழுதியவர் அவர்தான். நாற்பதைத் தாண்டியவர். கணிதம் படித்தவர், வாத்தியாராகப் போக ஆசைப்பட்டவர். தம்பிகள் இருவரும் வளைகுடாவுக்குப் போய்விட, அப்பாவைப் பார்த்துக்கொள்ள இங்கேயே தங்கிவிட்டார். வாரத்தின் மற்ற நாட்களில் சாதாரணமாக வந்து போவார். புதன்கிழமை மட்டும் அந்த நாற்காலியைவிட்டு நகரமாட்டார். மேசைமேல் ஒரு தட்டில் சூரியகாந்தி விதைத் தோல் மலைபோல் சேரும். அலுவலகத்தில் ஆண்கள் அவரை ‘காவல்காரி’ என்பார்கள்.

ஏன் நகரமாட்டார் என்பதை ஒருநாள் நான் கேட்டேன். திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“இது ஒவ்வொரு குன்றா வரிசையாப் போகும். ஒரு குன்றோட வால்வைத் திறக்கறதுக்கு முன்னாடி, அந்தக் குன்றுக்குத் தண்ணி குடுக்கற தொட்டியில எவ்வளவு இருக்குன்னு அங்க இருக்கற நீர்மட்ட மானியைக் கேட்கும். கேட்கறதுக்குன்னே வேற ஒருத்தர் எழுதிக் குடுத்த ஒரு ஃபங்ஷன், அதாவது நிரல் துண்டு, இருக்கு. என் நிரல் அதைக் கூப்பிடும். அது பதிலோட திரும்பி வந்தாத்தான் என் நிரல் அடுத்த வரிக்குப் போகும்.”

“திரும்பி வரலைன்னா?”

“நிக்கும். தூசிக் காத்து அடிச்சா மானி பதில் சொல்லாது. மானி சொல்லலைன்னா ஃபங்ஷன் வராது. ஃபங்ஷன் வரலைன்னா பின்னாடி இருக்கற குன்று எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். அதான் நான் உட்கார்ந்திருக்கேன். ரொம்ப நேரம் அசையாம இருந்தா, இந்த ரெண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கி நிறுத்திட்டு, அடுத்த குன்றுலேர்ந்து மறுபடி ஓட்டுவேன்.”

ஒரு விதையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். “மத்த ஊர்ல இதுக்கு ஒரு டைம்அவுட், இவ்வளவு நேரந்தான்னு ஒரு வரம்பு, வெச்சிருப்பாங்க. இங்க என்னை வெச்சிருக்காங்க.”

வரிசையில் கடைசிக் குன்று ஸஃதர். எங்கே தடைபட்டாலும் அடி விழுவது அங்கேதான்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, ஹனாதி அக்காவின் கன்னம் வீங்கியிருந்தது. பல வாரமாகப் பல்வலி. மதியத்துக்குமேல் தாங்கமுடியாமல் எதிர்ச் சந்தில் இருந்த பல் மருத்துவரிடம் போனார். பல்லைப் பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி திரும்பி வந்தபோது, நிரல் வரிசையின் நடுவில், கர்மா குன்றின் மானியிடம் நின்றுகொண்டிருந்தது. அவர் அதை நகர்த்துவதற்குள் முறை நேரம் முடிந்துவிட்டது. ஸஃதருக்குத் தண்ணீர் போகவில்லை. உம் கைஸ் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான்.

மேலாளர் அபூ யஸன் மறுநாள் வந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“உன் பல்லுக்குப் புதன்கிழமைதான் கிடைச்சதா ஹனாதி?”

“பல்லு உங்ககிட்ட லீவு கேட்டுட்டு வலிக்கல அபூ யஸன்.”

“அடுத்த புதன் பெருநாளுக்கு முந்தின முறை. ஸஃதருக்கு ரெண்டாவது தடவையும் போகலைன்னா சனங்க இங்கயே வந்து துணி துவைப்பாங்க. நீ அன்னைக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே.”

“நான் உட்கார மாட்டேன்” என்றார் ஹனாதி அக்கா. கோபமே இல்லை அந்தக் குரலில். நெடுந்தூரம் நடந்தவர் தோளிலிருந்து மூட்டையை இறக்குவதுபோல் சொன்னார். “நான் உட்கார்ந்திருக்கற வரைக்கும் யாரும் இதைச் சரி பண்ண மாட்டீங்க. நேர வரம்பு வைக்கறேன். நிரல் தானாப் போகட்டும்.”

அபூ யஸன் தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று எங்களுக்குப் புரியவில்லை. ஹனாதி அக்கா ஆமா என்று எடுத்துக்கொண்டார்.

முதலில் வைத்த வரம்பு வேலை செய்யவில்லை. நிரலுக்குள்ளேயே ஓர் அலாரம் வைத்தார். குறித்த நேரம் ஆனதும் அது அடிக்கும், “போதும், வெளியே வா” என்று ஃபங்ஷனை ஒரு பிழைச் செய்தியால் உலுக்கும். சோதனைக்காக மானியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தோம். அலாரம் அடித்தது. ஃபங்ஷன் வெளியே வரவில்லை. மறுபடி அடித்தது. வரவில்லை.

ஹனாதி அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு அபூ யஸனின் அறை வாசலில் போய் நின்றார்.

“இந்த ஃபங்ஷனை எழுதிக் குடுத்த இன்ஜினியர்கிட்ட அப்ப நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

அவர் யோசித்தார். “தூசிக் காலத்துல திரை முழுக்கச் சிவப்பு சிவப்பா பிழைன்னு வரும். மேல இருக்கறவங்க என்னைக் கூப்பிட்டுத் திட்டுவாங்க. அதனால பிழைன்னே வரக் கூடாது, என்ன ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்கணும்னு சொன்னேன்.”

“அதே மாதிரி எழுதியிருக்கார். நான் அடிக்கற அலாரமும் அதுக்கு இன்னொரு பிழை. விழுங்கிட்டு மறுபடி கேட்கப் போயிடுது.”

“அவரைக் கூப்பிட்டு மாத்தச் சொல்லு.”

“அவர் எந்த ஊர்ல இருக்காரோ. நம்மகிட்ட இருக்கறது பூட்டின பெட்டி. உள்ள கை வைக்க முடியாது.”

அன்று எனக்கு டீ ஊற்றியபோதுதான் மாற்று வழியைச் சொன்னார். அதைச் சொல்லும்போதும் அவர் உற்சாகப்படவில்லை.

“உள்ளேர்ந்து சொன்னாக் கேட்காத ஆளுக்கு வெளியிலேர்ந்துதான் சொல்லணும். இதுவரைக்கும் என் நிரலே நேரா மானிகிட்டப் போய் நின்னுது. இனிமே போகாது. ஒவ்வொரு தடவையும் தனியா ஒரு சின்ன நிரலைப் பெத்து அனுப்பும். அது போய்க் கேட்கட்டும். நேரத்துக்குள்ள பதிலோட வந்தா சரி. வரலைன்னா பெரிய நிரலே அந்தச் சின்னதை அப்படியே நிறுத்திடும். பெரிய நிரலுக்கு ஒண்ணும் ஆகாது. அது அடுத்த வரிக்குப் போயிடும்.”

“தொட்டியில எவ்வளவு இருக்குன்னு தெரியாமயேவா?”

“தெரியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே. அந்தக் குன்றுக்கு அன்னைக்குப் பாதி நேரம் திறந்தாப் போதும்.” பிறகு என்னைப் பார்த்தார். “நேரம் எவ்வளவு வைக்கலாம், சொல்லு. ரொம்பக் குறைச்சா மெதுவாப் பதில் சொல்ற நல்ல மானியையும் வெட்டிடுவோம். ரொம்பக் கூட்டினா வரம்பு வெச்சதே வீண். நீதானே அவங்க குரலைக் கேட்கறே.”

எனக்கு உம் கைஸ் நினைவுக்கு வந்தார். அவர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். ஹனாதி அக்கா ஒரு தாளில் கணக்குப் போட்டார். பதில் சொல்லும் மானிகளில் மிக மெதுவானது எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு என்று வைத்தால், எல்லா மானிகளும் ஒரே நாளில் ஊமையானாலும் ஸஃதரின் முறை அரை மணி நேரத்துக்குமேல் தள்ளிப்போகாது. அதையே வைத்தார்.

அபூ யஸன் கடைசிவரை தயங்கினார். “தொட்டி காலியா இருந்து, பம்ப் வெறுமனே ஓடி எரிஞ்சு போச்சுன்னா?”

“பாதி முறையில எரியாதுன்னு நினைக்கறேன்.”

“நினைக்கறியா?”

“ஆமா, நினைக்கறேன். எரிஞ்சா என் பேரைச் சொல்லுங்க. இத்தனை புதன்கிழமையும் என் பேரைத்தானே சொன்னீங்க.”

அவர் தொழப் போய்விட்டார்.

புதன்கிழமை காலையிலிருந்தே காற்றில் தூசி. ஹனாதி அக்கா வந்தார், நிரலை ஓடவிட்டார், பழக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் கதவோரம் நின்றேன். முதல் குன்றுகள் போயின. கர்மாவுக்கு வந்தபோது திரை அசையாமல் நின்றது. அவருடைய விரல்கள் தானாக அந்த இரண்டு பொத்தான்களுக்கு நகர்ந்தன. பிறகு கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கொஞ்ச நேரம் எங்களுக்கு மிக நீளமாக இருந்தது. பின் திரையில் ஒரு வரி வந்தது: கர்மா, பதில் இல்லை, பாதி முறை. அடுத்த வரியில் அடுத்த குன்று.

நாங்கள் கைதட்டவில்லை. ஹனாதி அக்கா விதைத் தோல் தட்டை எடுத்துக் குப்பையில் கொட்டினார். பையைத் தோளில் மாட்டினார்.

“எங்க போறீங்க?”

“பல் பிடுங்கின இடத்தை டாக்டர் மறுபடி காட்டச் சொன்னார். அப்புறம் வீட்டுக்குப் போய்த் தூங்கப் போறேன்.”

அவர் போன பிறகு எனக்கு ஓய்வில்லை. கர்மாக்காரர்கள் கூப்பிட்டார்கள். பாதியில் நின்றுவிட்டதாம். ஒருவர், “பெருநாளைக்கு எங்களைப் பாதி குளிக்கச் சொல்றீங்களா?” என்றார். மானி பதில் சொல்லவில்லை, அதனால் பாதி முறை, மீதி அடுத்த வாரம் சேர்த்துத் தருவோம் என்றேன். திட்டினார்கள். ஆனால் முதல் தடவையாக, நான் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. பம்ப் எரியவில்லை. ஆனால் எரிந்திருக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அஸர் பாங்கு கேட்டுக் கொஞ்ச நேரத்தில் உம் கைஸ் கூப்பிட்டார். பின்னால் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்.

“வந்துடுச்சு மகளே. நூல் மாதிரி வருது, ஆனா வருது.”

“பெரியம்மா, அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. இப்பச் சொல்றேன். அஸர் பாங்கு முடிஞ்சு அரை மணி நேரம் பாருங்க. அதுக்குள்ள வரலைன்னா வராது. உடனே லாரியைக் கூப்பிடுங்க. அதுக்குமேல குழாய்கிட்ட உட்காராதீங்க.”

“இதைச் சொல்றதுக்கா உங்களுக்கு இத்தனை வருஷம் ஆச்சு?” என்றார். பிறகு, “சரி, அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும்” என்று வைத்துவிட்டார்.

ஹனாதி அக்கா இன்னும் அதே அலுவலகத்தில் வேலை செய்கிறார். புதன்கிழமைகளில் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த யாராவது, வராத ஒரு பதிலுக்காக இப்படி ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். அவரை உட்கார வைத்திருப்பவரிடமும் சொல்லுங்கள்.