மாஸ்டர் சம்சாரம் போட்ட தகடு

அந்தத் தெருவில் வெல்டிங் மாஸ்டர் என்றால் ஒரே ஒருவர்தான். அந்த மாஸ்டர் கையால் இருபது வருஷமாக ஒரு கேட்கூட வெல்டிங் ஆனதில்லை என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அளவு எடுப்பார், பேரம் பேசுவார், டீ குடிப்பார். கடைசியில் கிரைண்டரைப் பிடித்து, வெல்டிங் போட்ட இடத்தையெல்லாம் வழவழவென்று தேய்த்துப் பெயின்ட் அடிப்பார். வெல்டிங் போடுவது அவருடைய சம்சாரம். பட்டறைக்குப் பின்பக்கம், தகரத் தடுப்புக்கு உள்ளே, முகத்துக்கு நேரே ஷீல்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகமே தெரியாத ஆளைப் பற்றி யார் விசாரிக்கப் போகிறார்கள்?

கல்யாணமான முதல் வருஷமே மாஸ்டருக்கு வெல்டிங் வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது என்று புலம்பி, "ரெண்டு நாளைக்கு நீ பிடி" என்று வெல்டிங் ராடு மாட்டிய ஹோல்டரை அவள் கையில் கொடுத்தார். அந்த ரெண்டு நாள் இன்றுவரை முடியவில்லை. "மாஸ்டர் கைன்னா கைதான்" என்று கேட் வாங்கியவர்கள் மெச்சும்போது மனிதர் கூச்சநாச்சமே இல்லாமல் தலையை ஆட்டிக்கொள்வார். ஒரு தடவை அவள் மணிக்கட்டில் பொறி விழுந்து கொப்புளித்துவிட்டது. அப்போது அவர் சொன்ன ஆறுதல் இது: "கையைப் பத்திரமா வச்சுக்கோ. இன்னும் ரெண்டு ஜன்னல் இருக்கு." அன்றைக்கு அவள் மனத்தில் மாஸ்டர் பாதி செத்துப்போனார். மீதிப் பாதியோடுதான் குடித்தனம் நடந்தது.

பிறகு கடைகளில் ரெடிமேட் கேட்டுகள் வந்து குவிந்தன. பட்டறைக்கு ஆள் வரத்து குறைந்தது. ஊருக்கு வெளியே இருந்த பாய்லர் தொழிற்சாலையில் வெல்டர்கள் வேண்டும் என்றார்கள். ஆனால் சான்றிதழ் இல்லாதவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கென்று பயிற்சி நிலையத்தில் மூன்று மாத வகுப்பு தொடங்கியது. மாஸ்டர் பெயர் கொடுத்தார். பின்னாலேயே போய் அவளும் கொடுத்தாள்.

"நீ எதுக்கு?" என்றார் மாஸ்டர்.

"உங்களுக்குத் துணைக்குத்தான்."

பச்சைப் பொய். அவளுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும், தன் பெயர் போட்டு வேண்டும். அது கைக்கு வந்தால் தகரத் தடுப்பை விட்டு வெளியே போய்விடலாம், இந்த மனுஷனுக்கு ஜன்னல் போட்டுக் கொடுக்கும் பிழைப்பு ஒழியும். மாஸ்டர் வேறு கணக்குப் போட்டார். அங்கேயும் தனக்கு இவளே போட்டுத் தருவாள் என்று சந்தோஷமாகச் சம்மதித்தார்.

பயிற்சி நிலையம் ஒரு நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் திரை போட்ட சின்னச் சின்ன அறைகள், மேலே புகையை இழுக்காமல் சும்மா சுற்றும் விசிறிகள். பயிற்சியாளருக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு, நாக்கு மட்டும் நூறு வயதுக்கு நீளம். கேட் போடுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. முதல் நாள் எல்லோரையும் இரண்டு தகடுகளைச் சேர்த்துக் காட்டச் சொன்னார். அவளுடையதை வைஸில் இறுக்கி, சுத்தியலால் ஒரே அடி. தகடு இரண்டாகப் போனது.

"பாருங்க, மேல அழகா பூசியிருக்கு, உள்ள ஒட்டவே இல்ல. இத்தனை வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்கீங்கம்மா" என்றார்.

கொட்டகையே சிரித்தது. அதில் மாஸ்டரின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.

அந்த நிமிஷத்திலிருந்து பயிற்சியாளரை அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் பிடிக்கவில்லை. வீம்புக்கென்றே கற்றுக்கொண்டாள். தகடுகளின் விளிம்பைச் சரித்துத் தேய்த்து, நடுவே இடைவெளி விட்டு, அடியில் முதல் வரியைப் போட வேண்டும். அதற்கு ரூட் என்று பெயர், மற்ற வரிகளெல்லாம் அதன் மேலேதான். இரும்பு உருகி மறுபக்கம் வரை இறங்க வேண்டும். ராடின் நுனியில் ஒரு சின்னத் துளை விழுந்து, அது கூடவே நகர்ந்து வர வேண்டும். "துளை மூடிடுச்சுன்னா வீட்டுக்குப் போயிடலாம்" என்பார் பயிற்சியாளர். தினமும் ஓயாமல் சொன்ன இன்னொன்றும் உண்டு. "நடுவுல எங்க வேணா கிரைண்டர் போடுங்க. கடைசி வரி மேல மட்டும் படக் கூடாது. தேய்க்கிறவன் எதையோ மறைக்கிறான்னு அர்த்தம். அந்தத் தகட்டை நான் தொடக்கூட மாட்டேன்." மாஸ்டர் அந்த நேரத்தில் டீக்கடையில் இருப்பார். வகுப்பில் இருந்தாலும் காதில் வாங்குகிற ஜாதி இல்லை.

பயிற்சிக்கு என்று தினம் ஒரு தகடு காட்ட வேண்டும். வீட்டில் சண்டை வேண்டாமே என்று மாஸ்டருடையதையும் திரைக்குப் பின்னால் அவளே போட்டு, அவர் டீக்கடையிலிருந்து வருமுன் மேஜையில் வைத்தாள். வகுப்பில் மாஸ்டரின் எண் பதினேழு, அவளுடையது பதினெட்டு. பயிற்சியாளர் பதினேழைத் திருப்பிப் பார்த்து, "மாஸ்டர் பரவாயில்லையே, தேறிட்டீங்க" என்பார். பதினெட்டைப் பார்த்து, "சுமார்தான். இன்னும் கேட் வாசனை போகல" என்பார். அதே கை, அதே ராடு, அதே காலை நேரம்.

தேர்வு நாள் வந்தது. தொடங்குமுன் மாஸ்டர் திரையை விலக்கித் தலையை நீட்டினார்.

"முதல்ல என்னோடதைப் போட்டுடு. அப்புறம் உன்னுது."

"மாட்டேன்."

"என்னது?"

"மாட்டேன்னேன். உங்களுது நீங்களே போடுங்க."

இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. மாஸ்டர், "வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரையை விட்டார்.

அவள் போட்டு முடித்தாள். நன்றாக வந்திருந்தது, அவளுக்கே தெரிந்தது. தகடு ஆறியதும் மூலையில் அச்சால் தன் எண்ணை அடித்துப் பயிற்சியாளர் மேஜையில் வைக்க வேண்டும், அது அங்கே வழக்கம். ஆறட்டும் என்று விட்டுவிட்டு முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது தகடு இல்லை.

"உன்னுதுக்கும் நானே நம்பர் அடிச்சுக் கொண்டுபோய் வச்சுட்டேன்" என்றார் மாஸ்டர்.

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் ஒரு வாளித் தண்ணீர் தூக்கித் தராத மனிதர்.

மத்தியானம் எல்லோரும் வளைக்கும் இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். வெல்டிங்கின் குறுக்கே ஒரு துண்டு அறுத்து, அழுத்தி வளைத்துப் பார்ப்பார்கள். விரிசல் விட்டால் தோல்வி. அதற்கு முன்னால் தகட்டைக் கண்ணால் பார்ப்பார்கள். பதினேழைக் கையில் எடுத்ததும் பயிற்சியாளர் சிரித்துவிட்டார்.

"படிச்சுப் படிச்சுச் சொல்லியும், கடைசி வரியை மொழுமொழுன்னு தேய்ச்சு வச்சிருக்கார் பாருங்க. பதினேழு ஃபெயில்." தகடு கழிவுப் பெட்டிக்குள் விழுந்தது.

அடுத்து பதினெட்டு. அறுத்த துண்டு பாதி வளைவதற்குள் சடக்கென்று முறிந்தது.

"பதினெட்டும் ஃபெயில். மூணு மாசம் தண்டம்" என்றார்.

அவள் முன்னால் போய் முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தாள். உள்ளே கறுப்பாகக் கசடு அடைத்துக்கொண்டிருந்தது. "இது நான் போட்டதில்ல" என்றாள்.

"நம்பர் உங்களுதுதானே?"

அவள் குனிந்து கழிவுப் பெட்டியிலிருந்து பதினேழை எடுத்துப் புரட்டிக் காட்டினாள். மறுபக்கத்தில் ரூட் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சீராக ஓடியிருந்தது. "இதுதான் என்னோடது. காலையெல்லாம் திரைக்குள்ள முட்டிமோதி இவரு ஒட்டவச்சதுக்கு என் நம்பரை அடிச்சு, இதுக்குத் தன் நம்பரை அடிச்சுட்டாரு. மேல தேய்ச்சது இவரு. எந்தத் தகட்டைப் பார்த்தாலும் தேய்க்காம இவரால இருக்க முடியாது. பின்பக்கத்தை விட்டுட்டாரு. கேட்டுக்கு முன்பக்கம் மட்டும்தானே பளபளக்கணும்."

"பொய் சொல்றா சார்" என்றார் மாஸ்டர். "இவளுக்கு வெல்டிங் கத்துக்குடுத்ததே நான்தான்."

பயிற்சியாளர் இரண்டு பேரையும் ஒரே வெறுப்போடு பார்த்தார். "உங்க வீட்டுச் சண்டைக்கு நான் பஞ்சாயத்து பண்ண முடியாது. யாரு தேய்ச்சிருந்தாலும் தேய்ச்சது தேய்ச்சதுதான், அது பெட்டியிலயே கிடக்கட்டும்." இரண்டு புதுத் தகட்டு ஜோடிகளை எடுத்துப் போட்டார். "நம்பரை இப்பவே நான் அடிக்கிறேன். திரை வேண்டாம், எல்லார் முன்னாடியும் போடுங்க. தேறாதவங்க இனிமே இந்த வாசலை மிதிக்கக் கூடாது."

"சார், இன்னிக்குக் கண்ணு கொஞ்சம்..."

"ஹோல்டரைப் பிடிங்க மாஸ்டர்."

மாஸ்டர் ராடைத் தகட்டில் தட்டினார், ஒட்டிக்கொண்டது. பிய்த்தார். மறுபடி தட்டினார், மறுபடி ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை ராடு முழுக்கச் சிவந்து வளைந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் ஷீல்டை வீசிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

அவள் அதைப் பார்க்கவில்லை. ஷீல்டுக்குள் இருந்தாள். ஆத்திரத்தில் ராடை அவசரமாக ஓட்டினாள், பாதி வழியில் துளை மூடப் பார்த்தது. இப்போது தோற்றால் அவர் பின்னாலேயே தகரத் தடுப்புக்கு நடக்க வேண்டும். ராடை எடுத்தாள். விட்ட இடத்தைக் கிரைண்டரால் சரித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி பற்றவைத்தாள். துளை திறந்து நகர்ந்தது.

துண்டு முழுசாக வளைந்தது. பயிற்சியாளர் வளைவின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். விரிசல் இல்லை.

"பதினெட்டு பாஸ்" என்றார். அதோடு விட மனம் வரவில்லை. "கேட் வெல்டர் பாஸ் பண்ணிட்டாங்கன்னு வெளியில சொல்லாதீங்க, எனக்குத்தான் அசிங்கம்."

அவள் சிரிக்கவில்லை. "மூணு மாசமா பதினேழுன்னு வந்ததெல்லாம் நான் போட்டது சார். அதைத் தட்டிக்கொடுத்தீங்க, என்னைத் திட்டினீங்க. அசிங்கம் உங்களுக்குத்தான்" என்றாள்.

அவர் தலையைக் குனிந்து பதிவேட்டில் எழுதுவதுபோல் பாவனை செய்தார்.

அடுத்த மாதமே தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. "நான்தான் என் சம்சாரத்தைப் படிக்க வச்சேன்" என்று மாஸ்டர் தெருவெல்லாம் சொல்லிவைத்தார். வீட்டில் அவளோடு பேச்சில்லை. அவள் வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் காலையில், பட்டறையில் பாதி முடிந்த கேட் ஒன்று சாய்ந்திருந்தது. கேட்டுக்கு உரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இதை முடிச்சுட்டுப் போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதோரம் சொன்னார் மாஸ்டர்.

அவள் தகரத் தடுப்புக்குள் போனாள். ஹோல்டரையும் ஷீல்டையும் ஒயரோடு இழுத்துக்கொண்டு வந்து, வெளிச்சத்தில், வந்தவர் பார்க்கும்படி மாஸ்டர் கையில் வைத்தாள்.

"கையைப் பத்திரமா வச்சுக்கோங்க. இன்னும் ரெண்டு ஜன்னல் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கேட்டுக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆரம்பிங்க மாஸ்டர். நீங்க வெல்டிங் போட்டு நான் பார்த்ததே இல்ல" என்றார்.